மனச் சுகாதாரத்திற்கு வித்திட்ட மாணாக்கர்: கிளிபர்டு பியர்ஸ்

உடற்பிணி கொண்ட மாணாக்கனுக்கு அதனைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. சுரம் கண்டால் அவன் விடுதித் தலைவரிடம் செல்கின்றான். அவர் வைத்தியரிடம் அனுப்புகின்றார். உள்ளத்தில் தோன்றும் பிணியோ தன்னை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் வருந்துபவனே அதற்குக் காவலனாகவும் நின்று, பிறர் கண்ணிற் படாதவாறு காத்து வருகின்றான். அவ்வாறு வருந்தும் மாணாக்கர் தம் குறையை அஞ்சாது சொல்லுதற்கென்றே, கலாசாலைகளில் மனநல ஆலோசகர்கள் இந்நாளில் அமர்த்தப்பெறுகின்றனர். இவர்கள் பணி எவ்வாறு தோன்றியதென்று ஆராயப்புகுவோர், அதன் தொடக்கத்தில் அமெரிக்க மாணாக்கர் ஒருவர் பட்ட பெருந்துயரைக் காண்பர். கிளிபர்டு பியர்ஸ் என்னும் அப்பெரியாரின் சரித்திரத்தை நம் கலாசாலை அன்பர்களுக்குச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

பியர்ஸ் 1876-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ஆம் நாள், ஐக்கிய அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாகாணத்தைச் சார்ந்த நியூஹேவன் நகரிற் பிறந்தார். புகழ்பெற்ற யேல் சர்வகலாசாலை இருப்பதும் அந்நகரிலேயே. 1894-ஆம் ஆண்டில் அவர் பள்ளிப்படிப்பை முடித்த சமயத்தில், அவருடைய தமையனார் ஒருவரைத் திடீரென வலிப்பு நோய் பற்றியது. அது காக்காய்வலிப்பென்றே வீட்டார் கருதினர். அக்காட்சியை அருகிருந்து கண்ட இளைஞர் உள்ளத்தில் ஓர் அச்சம் குடிபுகுந்தது. தமையனுக்கு வந்தது தமக்கும் வரும் என்பதே அவ்வச்சம்.

அவர் யேல் சர்வகலாசாலையிற் சேர்ந்தபோது அவ்வச்சமும் அவருடன் வந்து சேர்ந்தது. ஒருநாள் வகுப்பில் அமர்ந்திருக்கையில், நரம்புகள் தம் வசம் இழப்பன போன்ற ஓர் உணர்ச்சி அவருக்கு உண்டாயிற்று. அது முதல், ஆசிரியர் தம் பெயரைச் சொல்லி அழைப்பாரோ, எழுந்து பாடம் ஒப்புவிக்கையில் வலிப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வகுப்பிலும் நடுங்கினார். முடிவில் ஆசிரியர்கள் சிலரிடம் சென்று, தமக்கு உடல்நிலை நன்றாயில்லை யென்றும், வகுப்பில் தம்மைக் கேள்வி கேளாதிருக்க வேண்டுமென்றும் வேண்டிக்கொண்டார். அவர்களும் இரக்கமுடையவராய் அதற்கு இசைந்தனர். இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். அவ்வாசிரியர்கள் கல்நெஞ்சரல்லர், கேட்ட சலுகையை உடனே கொடுத்தனர். ஆயினும் அச்சலுகையை அம்மாணாக்கர் ஏன் வேண்டினார் என்று தனியே அமர்ந்து கேட்பதற்கு அக்கலாசாலையில் ஒருவரும் இலர். அக்காலத்தில் எக்கலாசாலையிலும் அதற்கென ஒருவர் இருந்ததில்லை. வெளிப்பார்வைக்குப் பியர்ஸ் ஊக்கமுள்ள இளைஞராகவே விளங்கினார்; மாணாக்கர் நடத்திய நகைச்சுவைப் பத்திரிகை ஒன்றின் வரவுசெலவுகளையும் திறம்படக் கவனித்துவந்தார். சிரிப்பூட்டும் பத்திரிகையை நடத்தியவரின் அச்சத்தை உடன்பயின்றோர் அறியாமலே, 1897-இல் அவர் பட்டம் பெற்று வெளியேறினார்.

பின்னர் நியூஹேவனில் வரிவசூல் அலுவலகத்திலும், அதன்பின் நியூயார்க்கில் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஒன்றிலும் அவர் வேலை பார்த்தார். ஆறாண்டுகள் மூடிவைத்த நெருப்பு 1900-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூண்டெழுந்தது. மனந்தளர்ந்து வீடு திரும்பிய அவர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று, கால்களிற் பெருங்காயத்துடன் உயிர்பிழைத்தார். சில நாட்களுக்குள் தமையனார் இறந்தார். தமையனாரின் நோய்க்குக் காரணம் மூளையில் உண்டான கட்டியே என்று வைத்தியர்கள் முடிவு செய்தனர். தம்பியின் இளமையைத் தின்ற அச்சத்திற்கு ஆதாரமே இல்லாதிருந்தது என்பதை எண்ணுங்கால் நம் நெஞ்சம் உருகுகின்றது.

அதன்பின் ஈராண்டுக்கு மேல் பியர்ஸ் பொய்த்தோற்றங்களின் நடுவே வாழ்ந்தார். தம்மைச் சுற்றியிருப்போர் யாவரும் துப்பறிவோர் என்றும், தம்மைக் காணவரும் உறவினர் உண்மை உறவினரல்லர், வேடம் பூண்ட பிறரே என்றும் நம்பினார். எவரோடும் பேசுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். இந்நிலையிலிருந்து அவர் மீண்ட விதம் மிக வியக்கத்தக்கது. 1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஹார்ட்போர்டு நகரத்து மனநோய் வைத்தியசாலையில் அவரோடு உறைந்த நோயாளி ஒருவர், நகர முகவரிப் புத்தகத்தைப் பார்த்து அவருடைய சகோதரரின் முகவரியைத் தேடிக்கொடுத்தார். அம்முகவரிக்குப் பியர்ஸ் தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, வைத்தியசாலையார் அறியாமல் அனுப்புவித்தார். உண்மையான சகோதரராயின் அக்கடிதத்தையே அடையாளமாகக் கையிற் கொண்டு வரவேண்டும் என்பது அதன் கருத்து. மறுநாளே சகோதரர் வந்தார். கடிதத்தை எடுத்துக் காட்டினார். தாம் எழுதிய எழுத்தைத் தம் சகோதரர் கையிற் கண்ட அக்கணமே, பியர்ஸின் உள்ளத்திற் படிந்திருந்த சந்தேகத் திரை கிழிந்தது. ஈராண்டு வைத்தியத்தால் ஆகாததொன்றை, நம்பத்தக்க மனிதர் ஒருவரின் முகம் ஒரு கணத்திற் செய்துவிட்டது.

ஆயினும் துன்பம் அத்துடன் ஒழியவில்லை. சோர்வு நீங்கிய இடத்தை அளவுகடந்த கிளர்ச்சி பற்றியது. அந்நிலையில் அவர் கைகளைக் கட்டும் சட்டை பூட்டப்பட்டார்; தனியறையில் அடைக்கப்பட்டார்; ஏவலாளர் சிலரால் அடியும் உண்டார். தனியார் வைத்தியசாலையிலும், மிடில்டவுன் என்னும் ஊரிலிருந்த அரசாங்க வைத்தியசாலையிலும் கண்டவற்றை மறவாது மனத்திற் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே மாகாணக் கவர்னருக்கு முறையீடும் எழுதினார். 1903-இல் விடுதலை பெற்றபின், தம் அனுபவங்களை ஒளிவுமறைவின்றி ஒரு நூலாக எழுதலானார். ஹார்வர்டு சர்வகலாசாலையின் மனநூற் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் அதனைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்துப் பாராட்டினார். அடால்ப் மேயர் என்னும் மனநோய் வைத்தியர் பியர்ஸ் தொடங்கவிருந்த இயக்கத்திற்கு மனச் சுகாதாரம் என்னும் பெயரைச் சூட்டினார். நூல் 1908-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கனெக்டிகட் மனச் சுகாதாரச் சங்கமும், 1909-இல் தேசிய மனச் சுகாதாரக் கழகமும் தோன்றின. பித்தரென ஒதுக்கப்பட்டவர், தம் பெயரை மறையாது வெளியிட்டுப் பேசிய துணிவே இவற்றிற்கெல்லாம் அடிப்படையாகும். 1922-இல் யேல் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது.

நோயாளரை நன்கு நடத்துதல் முதல் நோக்கமாயினும், நோய் முற்றுமுன் தடுத்தல் இவ்வியக்கத்தாரின் அடுத்த நோக்கமாயிற்று. தடுப்பதற்கு ஏற்ற பருவம் மாணவப் பருவமே. 1910-இல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ஸ்டூவர்ட் பேட்டன் என்னும் வைத்தியர் மாணாக்கரின் மனநலத்தைக் கவனிக்கும் பணியைத் தொடங்கினார். அரசாங்கப் பொருளால் நடைபெறும் மினசோட்டா சர்வகலாசாலையில் 1932-இல் நிறுவப்பட்டு, வில்லியம்சன் என்பார் தலைமையில் வளர்ந்த நிலையம், மாணாக்கர்க்கு ஆலோசனை கூறுதலைத் தனித்தொழிலாகப் பயின்றோரை உருவாக்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் போர்வீரர் பல லட்சம் பேர் கலாசாலைகளிற் புகவே, பொதுச் சர்வகலாசாலைகளில் இத்தகைய நிலையங்கள் பெருகின.

ஆயினும் நிலையத்தைத் திறந்து பெயர்ப்பலகை மாட்டுவது ஒன்று. போதிய ஆட்களை அமர்த்துவது வேறொன்று. ஆலோசனை நிலையங்களை ஆராய்ந்து அங்கீகாரம் அளிக்கும் அமெரிக்கச் சபை ஒன்று, 1,000 முதல் 1,500 மாணாக்கர்க்கு ஓர் ஆலோசகரேனும் வேண்டுமென்று நெடுங்காலம் வற்புறுத்தி வந்தது. இது மிகையான கோரிக்கையன்று. 1,500 பேருள் பத்தில் ஒருவர் உதவி நாடுவதாகக் கொள்வோம்; அவர்கள் 150 பேராவர். ஆலோசகர் ஒருவர் வாரத்திற்கு 25 பேரைத் தனித்தனியே ஒருமணி நேரம் காண்பாராயின், ஒரு மாணாக்கரின் முறை ஆறு வாரத்திற்கு ஒருமுறையே வரும். அந்த எண்ணிக்கையும் எட்டாத பொதுக் கலாசாலைகளில் நிகழ்வதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் ஊழியரைக் குறைப்பது ஏட்டில் ஓர் எண்ணை அடிப்பதேயாகும். காத்திருக்கும் மாணாக்கருக்கோ அது சொல்ல வந்த சொல்லை மீண்டும் விழுங்கிக்கொள்வதாகும்.

பியர்ஸின் இறுதிக்காலத்தையும் மறைத்தல் முறையன்று. 1939-இல் அவருடைய மனம் மீண்டும் தளர்ந்தது. பிராவிடன்ஸ் நகரத்து வைத்தியசாலையில் தாமே சேர்ந்து, அங்கேயே 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் உயிர் நீத்தார். பிறர்க்கு வழிகாட்டியவரும் அவ்வழியிலேயே தளர்ந்து விழுந்தாரே என்று சிலர் இரங்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. மனநோயும் ஏனைய நோய்களைப் போல் வரும், போம், மீண்டும் வரும். அதில் வெட்கத்திற்கு இடமில்லை என்று அவர் வாழ்நாள் முழுதும் கூறிவந்ததற்கு அவர் முடிவும் ஒரு சான்றாகும்.

இச்சரித்திரத்தைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணாக்கத் தோழர்க்கும் ஒன்று விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். கடைசிப் பலகையில் அமர்ந்து, தம்மை அழையாதிருக்க வேண்டுமென்று ஒருவர் வேண்டுவாராயின், அச்சலுகையைக் கொடுங்கள். கொடுத்தபின் அவரைத் தனியே கண்டு, காரணத்தை அன்புடன் வினவுங்கள். பயின்ற ஆலோசகரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். அத்தகைய ஆலோசகர் கலாசாலையில் இல்லையாயின், வேண்டுமென்று கேளுங்கள். யேலில் அவ்வாறு கேட்பார் ஒருவர் இருந்திருப்பின் பியர்ஸின் துயர் நீங்கியிருக்கும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். ஆனால் அத்தனை ஆண்டுகள் அதனை அவர் தனியே சுமந்திருக்க வேண்டியதில்லை என்று மட்டும் உறுதியாகக் கூறுவோம்.