தங்கத் தாத்தா
நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் வாழ்க்கைக் குறிப்பு

ஆடி பிறக்கும் நாளில் எங்கள் அம்பிட்டியவிலும் சில வீடுகளிற் கூழ் காய்ச்சுவதுண்டு. கண்டிக் குன்றுகளிற் பனை வளர்வதில்லை. யாழ்ப்பாணத்து உறவினர் எவரேனும் கொண்டுவந்தாலன்றிப் பனங்கட்டி கிடைப்பதும் அரிது. ஆகவே எங்கள் பாட்டியார் கித்துள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டே கூழ் காய்ச்சுவார். நிறம் சற்றுக் கறுக்கும், மணமும் வேறாகும். ஆயினும் அடுப்பைச் சுற்றி நின்ற எங்கள் வாயில் ஆடிப்பிறப்புப் பாட்டு மாத்திரம் வேறாகவில்லை. பனைமரத்தையே பார்த்திராத பிள்ளைகள் பனங்கட்டியின் இனிப்பைப் பாடினோம். அப்பாட்டைப் பாடியவர் யாரென்று அக்காலத்தில் எவரும் எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வானமும் மழையும் போல அதுவும் எப்போதும் இருந்துவருவதொன்று என்றே எண்ணியிருந்தோம்.

அதனைப் பாடியவர் ஒரு பாடசாலை ஆசிரியர். காலையிற் பள்ளிக்குச் சென்று மாலையில் வீடு திரும்பி, நாற்பது ஆண்டளவு அத்தொழிலையே செய்து வாழ்ந்தவர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் என்பது அவர் திருநாமம். ஈழத்துச் சிறுவர்க்கு அவர் தங்கத் தாத்தா.

யாழ்ப்பாணத்தில் மானிப்பாயை அடுத்துள்ளது நவாலி. மாரி காலத்தில் மாத்திரம் நீரோடுகின்ற வழுக்கியாறு அவ்வயலை அணைந்து செல்லும். நெல்வயலும் பனங்கூடலும் தோட்டமும் கோயிலும் சூழ்ந்த அவ்வூரிலே, கதிர்காமர் என்பவருக்கும் இலக்குமிப்பிள்ளை அம்மையாருக்கும் மகனாக 1878ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி புலவர் தோன்றினார். ஆறுமுக நாவலர் பெருமான் சிவபதமடைந்தது 1879ஆம் ஆண்டு மார்கழியில். அப்போது நவாலிக் குழந்தைக்கு வயது ஒன்றரை. நாவலர் மூட்டிய விளக்கின் ஒளியிலே வளர்ந்த முதற் தலைமுறையினருள் ஒருவராக அவரைக் கொள்வது பொருந்தும்.

அந்த ஒளி எதற்கு வேண்டியிருந்தது என்பதை இன்றைய இளைஞர் சிறிது நினைத்துப் பார்க்கவேண்டும். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823ஆம் ஆண்டிலேயே உயர்தரக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவியிருந்தனர். அதன் வழியில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. ஆங்கிலம் கற்க விரும்பிய சைவப் பிள்ளைக்கு அப்பக்கத்தில் வேறு வாயில்கள் குறைவு. சைவச் சூழலிலேயே ஆங்கிலமும் கற்பிக்கவேண்டும் என்ற முயற்சியின் பயனாக அங்கே எழுந்ததே வட்டுக்கோட்டை இந்து ஆங்கிலப் பாடசாலை. இன்று அது வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரி. அங்கேதான் புலவர் தம் தொழில் வாழ்க்கை முழுவதையும் கழித்தார்.

புலவர் என்றவுடன் அரசவையும் பொற்கிழியும் சிலருக்கு நினைவில் எழலாம். நம் புலவருக்கு வாய்த்தவை கரும்பலகையும் வெண்கட்டியும். மணி அடித்தால் வகுப்பு. மறுமணி அடித்தால் மறுவகுப்பு. எழுத்துப்பிழை திருத்துதல், மனனப்பாடம் கேட்டல், குறும்பு செய்தவனை அடக்குதல், அழுதவனைத் தேற்றுதல் ஆகியவற்றில் ஓர் ஆசிரியனுடைய பகற்பொழுது எப்படிக் கரையும் என்பதை அத்தொழிலில் உள்ள எமது சங்கத்துப் பெரியோர் நன்கறிவர். அதன் பின் எஞ்சிய நேரமே அவருடைய கவிதைக்கு உரியது. அவ்வாறு எஞ்சிய நேரத்தில் அவர் பாடிய செய்யுள்கள் பதினையாயிரத்துக்கு மேற்பட்டவை என்பர். ஐம்பது ஆண்டுக் கணக்கிற் பகுத்துப் பார்த்தாலும் ஆண்டொன்றுக்கு முந்நூறு ஆகும். நாளொன்றுக்கு ஒன்று என்று சொல்லிவிடலாம். சோறு உண்பதுபோல நாளும் செய்யும் ஒரு காரியமாக அவர் கவிதையைக் கொண்டிருந்தார் என்பதற்கு இக்கணக்கே போதும்.

அச்செய்யுள்களுட் பெரும்பாலானவை கற்றோர்க்குரியவை. நவாலியில் எழுந்தருளியுள்ள முருகன்மேல் அட்டகிரிக் கலம்பகம் பாடினார். மானிப்பாய் மருதடி விநாயகருக்குப் பாமாலை சூட்டினார். கதிர்காமக் கந்தன்மீது கதிரைச் சிலேடை வெண்பாப் பாடினார். சிலேடை வெண்பா என்பது விளையாட்டன்று. ஒரே சொற்றொடர் இரு பொருளுக்கும் இசையவேண்டும். வெண்பாவின் தளையும் வழுவக்கூடாது. ஊரிலே கால் வைத்தவுடன் எதிர்ப்படும் கல்லுண்டாய் வைரவரையும் அவர் விட்டாரில்லை. அவருக்கும் ஒரு பதிகம். தந்தையாரை நினைந்து தந்தையார் பதிற்றுப்பத்து, உயிரிளங்குமரன் என்னும் நாடகம், நாட்டின் செழிப்பைக் கூறும் இலங்கை வளம், பனையின் பெருமையைப் பாடும் தால விலாசம், நோயின்றி வாழும் முறைகளைப் பெண்கள் கும்மியடித்துப் பாடும்படி அமைத்த சுகாதாரக் கும்மி என்று அவர் நூல்கள் பலதிறப்படும்.

இத்தகைய கல்விமான் ஒருவர் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிப் பாட வந்தது ஏன்? அதுதான் இவர் வரலாற்றில் எம்மை வியப்பில் ஆழ்த்துவது.

அக்காலத்துப் பிள்ளைகள் படித்தவற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வாக்குண்டாம், நல்வழி, நிகண்டு. இவை அரிய செல்வங்கள். குறைகூற நாம் யார்? நாவலரவர்களின் பாலபாடங்களும் இளம் உள்ளங்களுக்கு நல்ல உரைநடையைத் தந்தன. ஆயினும் அவையெல்லாம் பெரியவர் பிள்ளைக்குச் சொல்லுபவை. பிள்ளை தானே பேசுவதாக, தன் வீட்டு அடுக்களையையும் வளவையும் தன் கண்ணாற் கண்டு களிப்பதாக அமைந்த பாட்டு மிக அரிதாகவே இருந்தது. தமிழகத்தில் பாரதியார் பாப்பாப் பாட்டைப் பாடியது 1915ஆம் ஆண்டளவில். யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளுக்கெனப் பாட்டு வேண்டும் என்னும் எண்ணம் பின்னர் ஆசிரியரிடையே வலுப்பெற்றது. 1935இல் பிள்ளைப் பாட்டு என்ற பெயரிலேயே ஒரு தொகுதி வெளிவந்தது.

பண்டிதர் சிலருக்கு இது தகுதிக்குக் குறைந்த வேலையாகத் தோன்றியிருக்கலாம். நாள்தோறும் சிறுவர் முகத்தையே பார்த்து நின்ற ஆசிரியருக்கு அவ்வாறு தோன்றவில்லை. எந்தச் சொல்லிலே பிள்ளை விழிக்கிறது, எந்தச் சொல்லிலே சிரிக்கிறது என்பதை ஏடு சொல்லாது, வகுப்பறைதான் சொல்லும். நாற்பது ஆண்டுத் தொழில் அவருடைய கவிதைக்குத் தடையாக இருந்தது என்று நான் கருதவில்லை. அதுவே அவர் பிள்ளைப்பாட்டுக்கு நாற்றங்கால் என்பது என் துணிபு.

ஆடிப்பிறப்புப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். நாளைக்குப் பள்ளி இல்லை என்று தோழர்களைக் கூவி மகிழ்வதோடு அது தொடங்குகிறது. அங்கே வரும் விடுதலை என்ற சொல்லை நாட்டு விடுதலை என்று பொருள்கொண்டு மயங்கும் இளைஞரும் உளர். யாழ்ப்பாண வழக்கில் விடுதலை என்றால் பாடசாலை லீவுதான். பள்ளி மூடுகிறதென்ற குதூகலத்தைப் பாடியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதைக் கவனியுங்கள்! எந்த உபாத்தியாயருக்கு அந்த மனம் வரும்?

பின்னர் பாட்டு நேரே அடுக்களைக்குட் செல்கிறது. பயறு வறுபடுகிறது; தேங்காய் உடைகிறது; சர்க்கரை கலக்கிறது; மாவைத் தட்டி, உள்ளீட்டை வைத்து, விளிம்பைப் பல்லுப் பல்லாக அமுக்கித் தாய் கொழுக்கட்டை அவிக்கிறாள். அடுத்துத் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் மாவுருண்டையும் பயறும் சேர்ந்து கூழாகின்றன. குத்துவிளக்கேற்றி இளநீரும் பழமும் பாக்கு வெற்றிலையும் வைத்துப் படைத்த பின்னரே உண்ணல். பிள்ளைகள் ஓடிப் பலாவிலை பொறுக்கி வந்து மடித்துக் கோலிக்கொள்ள, அன்னை அகப்பையால் அள்ளி வார்க்கிறாள். சமையல் முறையில் ஒரு படி பிசகவில்லை. கூழ் காய்ச்சத் தெரியாத இளம் மனைவி ஒருத்தி இப்பாட்டை வைத்துக்கொண்டே காய்ச்சிவிடலாம். வழிபாடு இன்னதென்றும், அது ஊணுக்கு முந்தியது என்றும் பிள்ளை அறிந்துகொள்கிறது. ஆனால் அறிவுரை என்று ஒரு சொல்லும் இல்லை. பனை இல்லாவிட்டாலும் எங்கள் அம்பிட்டியவிற் பலாவுக்குக் குறைவில்லை. ஆதலின் பாட்டின் அப்பகுதியை மாத்திரம் நாங்கள் யாழ்ப்பாணத்தாருக்குச் சிறிதும் குறையாமல் நடத்திக்காட்டினோம்.

கத்தரி வெருளி வேறொரு வகை. தோட்டத்து நடுவில் நிற்கும் வெருளியைப் பிள்ளை ஒரு காவற்சேவகனாகவே எண்ணி அவனோடு பேசுகிறது. பூசணிக்காய் போன்ற பெரிய மஞ்சள் உறுமால், இறுக்கிய சட்டை, கையில் வில்லும் அம்பும். கண்ணிமையாமல், நித்திரை கொள்ளாமல், கூலியும் வாங்காமல் இரவு பகலாக அவன் நிற்கிறான். பிள்ளை அவனை மெச்சுகிறது. நகைச்சுவை இவ்வளவே. ஆயின் வளர்ந்தபின் இதனை மீண்டும் படித்தபோது எனக்கு வேறொரு நினைவும் வந்தது. கூலியைப் பெரிதாக எண்ணாமல், நின்ற இடம் பெயராமல், நாற்பது ஆண்டு ஒரே பாடசாலையைக் காத்து நின்ற சேவகர் ஒருவர்தாமே இதனைப் பாடியிருக்கிறார்! புலவர் அப்படிக் கருதிப் பாடினார் என்று நான் சாதிக்க வரவில்லை. நிற்க, எங்கள் மலைப்பக்கத்து வெருளிகளைக் குரங்குகள் சிறிதும் மதிப்பதில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். யாழ்ப்பாணத்துக் காகங்கள் நல்லவை போலும்.

பவளக்கொடி, இலவு காத்த கிளி, எலியும் சேவலும், தாடி அறுந்த வேடன் என்பனவும் அவர் சிறுவர்க்குத் தந்தவை. பழைய கதைகளையும் அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சின் ஓசையோடு பிள்ளைகள் நாவில் ஏற்றிவிட்டார்.

பிள்ளைகளுக்குப் பாடிப் பொருளீட்டியவர் எக்காலத்தும் குறைவு. கன்னியாகுமரிப் பக்கத்துக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இற் பிறந்து 1954இல் மறைந்தவர். அவரும் பள்ளி ஆசிரியரே. கடலின் இரு கரையிலும், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரு ஆசிரியர்கள் ஒரே பணியைச் செய்திருக்கின்றனர். பின்னாளில் வந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கியிலே கணக்கெழுதியவர். ஆங்கிலப் பிள்ளைகளை மகிழ்வித்த லூயிஸ் கரோல், ஒக்ஸ்போர்ட்டிற் கணிதம் கற்பித்தவர். பகலில் ஒரு தொழில், அந்தியில் ஒரு பாட்டு என்பதே இவர்கள் எல்லோருடைய நாளும்.

புலவர் வீட்டில் அந்திப் பாட்டு வீண்போகவில்லை. மைந்தருள் ஒருவர் இலக்கணப் புலமையிற் சிறந்த பண்டிதர் சோ. இளமுருகனார், ஈழத்துச் சிதம்பர புராணம் பாடியவர். மற்றொருவர் சோ. நடராசன், காளிதாசனின் மேகதூதத்தைத் தமிழிற் தந்தவர். தந்தையின் கையெழுத்துச் சுவடிகளைப் பேணும் தகுதியுள்ள மக்கள் வாய்ப்பதும் ஒரு பேறு.

ஆயினும் ஒரு குறையை மறைத்தற்கில்லை. பாட்டு வாழ்ந்த அளவுக்குப் பாடியவர் பெயர் வாழவில்லை. பாடநூல்களில் அவர் பாட்டுக்களைப் படித்தவர் தொகை பெரிது. கலம்பகத்தையும் சிலேடை வெண்பாவையும் கையால் தொட்டவர் தொகை சிறிது. சென்ற ஆண்டு எமது சங்கத்து இளைஞர் பன்னிருவரிடம் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பற்றிக் கேட்டேன். பன்னிருவரும் பாடிக் காட்டினர். புலவர் பெயரைச் சொன்னவர் மூவர். அவர்கள்மேற் குற்றமில்லை, என் சிறுபருவத்தில் நானும் ஒன்பதின்மருள் ஒருவனே. ஆதலாலேயே இவ்வாண்டு மலரில் இக்குறிப்பை எழுதலானேன்.

புலவர் 1953ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆந் திகதி, எழுபத்தைந்தாம் வயதிற் சிவபதமடைந்தார். ஆனி முடிவதற்கு ஒரு வாரமளவே இருந்தது. அவ்வாரம் கழிந்ததும் வழக்கம்போல ஆடி பிறந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிற் கூழும் காய்ந்தது. சிறுவர்க்கென அவர் பாடியவை சிறுவர் செந்தமிழ் என்னும் பெயருடன் நூலாக வெளிவந்தது 1955இல். அதனை அச்சிற் காண அவர் இருக்கவில்லை.

இன்று ஆடிப்பிறப்புக்குப் பாடசாலைகள் மூடுவதில்லை. பாட்டில் உள்ள அந்த லீவு பாட்டோடு நின்றுவிட்டது. அம்பிட்டியவில் இவ்வாண்டும் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பின்னரே கூழ் வார்த்தோம். பலாவிலையைக் கோலத் தெரியாத சின்னவன் ஒருவன் பாதிக் கூழைச் சட்டையிலே ஊற்றிக்கொண்டான். மீதிப் பாதியைக் குடித்துவிட்டு, தங்கத் தாத்தாவின் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டான். நவாலியில் என்றேன். எந்த பஸ்சில் ஏறவேண்டும் என்று அடுத்த கேள்வி வந்தது.