கண்ணும் கையும்

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில், தாயுடன் நடந்து சென்ற சிறுவன் ஒருவன் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கினான். மேல்மாடத்தில் மனிதர் சிலர் நின்றிருந்தனர். தொலைவால் சிறுத்துத் தோன்றிய அவர்களைப் பொம்மைகள் என்றெண்ணி, கைநீட்டி எடுத்துத் தருமாறு தாயை வேண்டினான். குழந்தைமைக்கு இயல்பான பிழைதான். ஆயினும் அச்சிறுவன் அதனை மறந்தானில்லை. ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் அறிஞராக வளர்ந்தபின், காட்சியைப் பற்றிய தம் பெருநூலில் அந்நிகழ்வையே ஒரு சான்றாக எழுதினார்.

1821இல் பிறந்த ஹெல்ம்ஹோல்ட்ஸின் உள்ளம் இயற்பியலையே நாடியது. பள்ளியாசிரியரான தந்தைக்கோ அக்கல்விக்குச் செலவிடும் வளம் இல்லை. படைமருத்துவராகப் பணியாற்ற இசைவோர்க்குக் கட்டணமின்றி மருத்துவம் கற்பிக்கும் நிறுவனம் ஒன்று பெர்லினில் இருந்தது, அதில் சேர்ந்தார். வேறு வழியின்றி ஏற்ற அக்கல்வி வீண்போகவில்லை. உயிருள்ள உடலையும் இயற்பியலின் அளவைகளால் அளக்க முற்பட்டார்.

நரம்பின் வழியே செல்லும் தூண்டலின் விரைவை அளத்தல் இயலாது என்றே அவருடைய ஆசிரியர் யோகான்னஸ் முல்லர் கருதியிருந்தார். 1850ஆம் ஆண்டளவில், தவளையின் நரம்பைக் கொண்டு மாணவர் அதனை அளந்து காட்டினார். நொடிக்குச் சில பத்து மீட்டர். ஒலியின் விரைவைக் காட்டிலும் மிகக் குறைவு! 1851இல், உயிருள்ளவரின் விழித்திரையைக் காண உதவும் கருவியையும் உலகுக்கு அளித்தார். ஆயினும், விழித்திரையில் விழும் உருவம் கையை எவ்வாறு வழிநடத்துகிறது என்னும் வினா எஞ்சியிருந்தது.

அதற்கு விடைதேட அவர் கையாண்ட கருவி மிக எளியது: முப்பட்டகக் கண்ணாடி. அது பொருள்கள் அனைத்தையும் ஒரு பக்கமாக விலக்கிக் காட்டும். அதனை அணிந்து ஒரு பொருளை நோக்கி, பின் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால், கை பொருளைத் தவறவிடும். கையைப் பார்த்தவாறே சிறிது நேரம் பொருள்களைத் தொட்டுப் பழகினால் பிழை நீங்கும். வியப்பு இதன் பின்னரே. கண்ணாடியைக் கழற்றியதும் கை மீண்டும் தவறுகிறது, இம்முறை எதிர்ப்பக்கமாக! கண் மாறவில்லை. மாறியிருப்பது, கண்ணுக்கும் கைக்கும் இடையே மூளை வகுத்திருந்த கணக்கு.

மற்றொரு சோதனைக்குக் கண்ணாடியும் வேண்டா. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணின் ஓரத்தை இமையின் மீது விரலால் மெல்ல அழுத்தினால், உலகமே அசைவதாகத் தோன்றும். அதே கண்ணை நாமாகத் திருப்பும்போது உலகம் அசைவதில்லை. விழித்திரையில் உருவம் இடம்பெயர்வதோ இரண்டிலும் உண்டு. தான் கண்ணுக்கு இட்ட ஆணையையும் மூளை கணக்கில் கொள்கிறது என அவர் விளக்கினார். விழித்தசை செயலிழந்த நோயாளிகள் அதற்குச் சான்றாயினர். அவர்கள் கண்ணைத் திருப்ப முயல்வர், கண் திரும்பாது, ஆனால் காணும் பொருள்கள் அத்திசையில் நகர்வதாக அவர்களுக்குத் தோன்றும்.

இடத்தை அறியும் ஆற்றல் பெரிதும் பழக்கத்தால் வருவதே என்றார் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அது பிறவியிலேயே அமைந்தது என்று எவால்ட் ஹேரிங் கடுமையாக எதிர்த்தார். முட்டையிலிருந்து வெளிவந்த சிறுபொழுதிலேயே தானியத்தைக் கொத்தத் தொடங்கும் கோழிக்குஞ்சை எண்ணினால், ஹேரிங்கின் கூற்றையும் தள்ளிவிட இயலாது. கற்றலின் பங்கை ஹெல்ம்ஹோல்ட்ஸ் சற்று மிகுத்தே மதித்தார் எனலாம்.

1894இல் அவர் மறைந்தார். மூளைப் பக்கவாதத்தால் இடப்பக்கத்தைக் கவனிக்கும் திறனை இழந்தோர்க்கு, முப்பட்டகக் கண்ணாடி அணிவித்துப் பொருள்களைத் தொடச்செய்யும் பயிற்சியை மருத்துவர் சிலர் இன்று அளித்துவருகின்றனர்.