அரண்மனை விருந்தும் ஒருவேளைச் சோறும்

புனித அருளானந்தர் வாழ்வு தரும் சிந்தனை

யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. அதே வேளையில், நாம் எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் ஆண்டும் ஆகும். ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் வாழும் நம்மில் மிகப் பலர் பிழைப்புத் தேடி இம்மண்ணுக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அதன்பின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தெற்கிலிருந்தும், கன்னட நாட்டிலிருந்தும், இன்று வடநாட்டிலிருந்தும்கூட மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வயிற்றுக்காக வந்தோம் என்று சொல்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. பசித்த மக்களுக்கு அப்பம் பகிர்ந்தளித்த ஆண்டவர், உழைத்து உண்ணும் கைகளை என்றும் ஆசீர்வதிப்பார்.

ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை. வயிறு நிறைந்த பிறகு நம் ஆன்மா எதை உண்டு வாழ்கிறது? இக்கேள்விக்கு விடை தேடும்போது, ஏழையாய்ப் பிறந்த ஒருவரின் வாழ்வைவிட, அரண்மனையில் வளர்ந்த ஒருவரின் வாழ்வே நமக்கு அதிகம் பயன்படும். அவர்தான் மறவ நாட்டின் மறைசாட்சி, புனித ஜான் டி பிரிட்டோ என்னும் நம் அருளானந்தர்.

அவர் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மன்னரின் பணிக்காகப் பிரேசில் நாட்டுக்கு அனுப்பப்பட்ட தந்தை, மகன் சிறு பிள்ளையாய் இருக்கும்போதே அங்கு இறந்துபோனார். பிள்ளையைப் பக்தியில் வளர்த்தவர் தாயார். ஒன்பது வயதளவில் சிறுவன் அரண்மனையில் பணிப்பிள்ளையாய்ச் சேர்ந்து, இளவரசர் பேதுருவுக்குத் தோழனானான். உண்ணச் சிறந்த உணவு, உடுக்கப் பட்டாடை, எதிர்காலத்தில் உயர்ந்த பதவி என யாவும் அவனுக்காகக் காத்திருந்தன.

அந்நாளில் கொடிய நோய் ஒன்று அவனைப் படுக்கையில் தள்ளியது. தாயார் புனித சவேரியாரிடம் மன்றாடினார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டுக்குச் சேசு சபையினரின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். பட்டாடைகளுக்கு நடுவே, ஓராண்டு அந்தக் கறுப்பு அங்கியோடு அரண்மனையில் நடமாடினான். தாயார் அவனுக்கு அதை அணிவித்தது ஓராண்டுக்குத்தான். மகனோ அதை வாழ்நாள் முழுவதும் விரும்பினான். 1662-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், தம் பதினைந்தாம் வயதில், சேசு சபையின் நவசந்நியாச மடத்தில் சேர்ந்தார்.

கல்வியில் சிறந்து விளங்கிய அவரைத் தாய்நாட்டிலேயே பேராசிரியராக வைத்துக்கொள்ள மேலோர் விரும்பினர். மகன் தொலைதேசம் போவதைத் தடுக்கத் தாயாரும் பெருமுயற்சி செய்தார். அந்தத் தாயின் கண்ணீரை நாம் குறைகூற முடியாது. தந்தையைக் கடல் கடந்த நாட்டில் பறிகொடுத்த குடும்பம் அல்லவா? எனினும் அருளானந்தர் தம் அழைத்தலில் உறுதியாய் நின்றார். 1673-ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டு மார்ச் மாதம் கப்பலேறி, செப்டம்பர் மாதம் கோவா வந்தடைந்தார். மறு ஆண்டு மலையாள நாட்டிலிருந்து மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்து தமிழகத்தில் கால் வைத்தார்.

அவர் வந்து சேர்ந்தது புகழ்பெற்ற மதுரை மிஷன். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி தொடங்கிய பணி அது. அந்தத் தத்துவ போதகரே 1623-இல் சேலம் வரை நடந்து வந்து மறையுரைத்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிற்காலத்தில் சேலம் மறைமாவட்டமும், 1997-இல் அதிலிருந்து பிரிந்த நம் தருமபுரி மறைமாவட்டமும் தழைத்த நிலத்தில் அன்றே அவ்விதை விழுந்தது. விதைத்தவர்கள் சந்நியாசிகளாய் வாழ்ந்தவர்கள்.

சந்நியாச வாழ்வு என்றால் வெறும் காவி உடை என்று எண்ணிவிட வேண்டாம். மாமிசமும் மதுவும் உண்பவர் ஞானம் உரைக்கத் தகுந்தவர் என்று இந்நாட்டு மக்கள் அன்று ஏற்கவில்லை. ஆகவே நற்செய்தி மக்களின் செவியில் ஏறுவதற்காக, குருக்கள் தங்கள் நாவின் சுவையை விட்டுக்கொடுத்தனர். மேலும், பிராமண சந்நியாசியாய் வாழ்ந்த குரு எல்லா மக்களோடும் கலந்து பழக வழியில்லை. எனவே 1640 அளவில் பண்டாரசாமி என்னும் முறை தொடங்கப்பட்டது. பண்டாரசாமிகள் உயர்ந்தோர், தாழ்த்தப்பட்டோர் என்ற வேறுபாடின்றி யாவரிடமும் செல்லலாம். அருளானந்தர் இந்தப் பண்டாரசாமி வாழ்வையே மேற்கொண்டார். காவி அங்கி, தலைப்பாகை, கையில் கோல். நாளுக்கு ஒருவேளை உணவு. அதுவும் சோறு, காய்கறி, பால் ஆகியவையே. மாமிசம், மீன், முட்டை, மது எதுவுமில்லை. படுக்கை வெறுந்தரை.

அரண்மனைச் சமையலை அறிந்த நாவு இதற்கு எப்படிப் பழகியதோ! ஆனால் அவர் உணவை வெறுத்தவர் அல்லர். உணவை அதற்குரிய இடத்தில் வைத்தவர். வயிறு எசமானாய் இருந்தால் நற்செய்தி வேலைக்காரனாகிவிடும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். மதுரை நாயக்கர்களும், தஞ்சை மராட்டியரும், மைசூர்ப் படைகளும் மோதிக்கொண்ட அக்காலத்தில், அவர் ஊர் ஊராய் நடந்து ஒப்புரவு அருட்சாதனமும் நற்கருணையும் வழங்கினார். ஆயிரக்கணக்கானோர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர்.

1686-இல் மறவ நாட்டுக்குள் சென்றார். ஜூலை மாதம் உபதேசியார்களோடு சிறைப்பட்டார். அடித்தார்கள், நீரில் அமிழ்த்தினார்கள், வெயிலில் காய்ந்த கூரிய பாறையின் மேல் கிடத்தி மிதித்தார்கள். அவர் நிலைகுலையவில்லை. இறுதியில் சேதுபதி மன்னர் அவரை நேரில் விசாரித்து, அந்நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்ற கட்டளையோடு விடுவித்தார்.

இனி வருவதுதான் அவர் வாழ்வில் நம்மைச் சிந்திக்க வைக்கும் கட்டம். பாறையின் மேல் பட்ட சோதனையைவிட நுட்பமான சோதனை அவருக்கு லிஸ்பனில் காத்திருந்தது. மிஷனின் காரியமாக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1687 செப்டம்பரில் தாய்நாடு சேர்ந்தார். பால்ய தோழர் பேதுரு இப்போது அரியணையில் இருந்தார். அரண்மனைக் கதவுகள் அகலத் திறந்தன. பதினான்கு ஆண்டுகளாய்ப் பிரிந்திருந்த தாயார் எதிரே நின்றார். வேதனைப்பட்ட உடல் சற்று இளைப்பாறட்டும் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அங்கே மாமிசம் உண்டால் இடறல் அடையத் தமிழர் எவரும் அருகில் இல்லை. மதுவைத் தொட்டால் குறைகூற ஆளில்லை. ஆனாலும் அருளானந்தர் காய்கறி உணவையும் தரைப் படுக்கையையும் விடவில்லை. தமிழகத்தில் அவர் பூண்ட துறவு ஊருக்காகப் போட்ட வேடமன்று என்பதை லிஸ்பன் நகரம் கண்டுகொண்டது.

மன்னர் அவரைத் தம் மகனுக்கு ஆசிரியராக அமர்த்தி அருகிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். அதுவும் நல்ல பணிதானே? நாட்டின் எதிர்கால அரசனைப் பக்தியில் வளர்ப்பது பெரிய புண்ணியம் அல்லவா? இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ள ஆயிரம் வழிகள் இருந்தன. ஆனால் அவர் மனம் மறவ நாட்டின் குடிசைகளில் இருந்தது. ஞான உணவுக்காகக் காத்திருந்த மக்களை எண்ணி, 1690 ஏப்ரலில் மீண்டும் கப்பலேறினார். அவ்வாண்டு நவம்பரில் கோவா வந்து, பிறகு தம் மக்களிடமே திரும்பினார்.

அப்போது மறவ நாட்டின் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் தீராத நோயால் வருந்தினார். உடல் நலம் தேடியே அவர் கிறிஸ்தவ மறையை நாடினார். உபதேசியார் ஒருவர் சென்று நற்செய்தியை அவர்மேல் வாசித்து மன்றாட, நோய் நீங்கியது. உடலுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அத்தோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியர் உடையவர் அவர். ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்ற திருச்சபையின் ஒழுங்கைச் சுவாமிகள் எடுத்துரைத்தார். தேவர் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வாழ வேண்டிய வசதி செய்துதர இசைந்தார். 1693 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் கடலாயி என்பவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவருடைய துயரம் அரசரிடம் முறையீடாய்ச் சென்றது. அரசரின் சினம் சுவாமிகள்மேல் பாய்ந்தது. ஜனவரி 8-ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சிறையில் மையில்லாத நிலையில், கரியைக் கரைத்துத் துரும்பால் தொட்டுத் தம் சபையினருக்குக் கடிதம் எழுதினார். அதில் அச்சமில்லை, மகிழ்ச்சியே நிறைந்திருந்தது. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அன்று திருநீற்றுப் புதன். திருச்சபை முழுவதும் நோன்பைத் தொடங்கிய நாளில், வாழ்நாளெல்லாம் நோன்பிருந்தவர் தம் நோன்பை முடித்து, விண்ணக விருந்தில் அமர்ந்தார்.

செய்தி லிஸ்பனை எட்டியபோது, ஒருகாலத்தில் மகனைத் தடுத்து அழுத அதே தாயார், துக்க உடை அணியாமல் விழாக்கால உடையில் அரண்மனைக்குச் சென்றார். 1947 ஜூன் 22-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அருளானந்தரைப் புனிதராக அறிவித்தார். ஓரியூரின் செந்நிற மணலை இன்றும் பக்தர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்த வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? எல்லாரும் ஒருவேளை உணவோடு வாழ வேண்டும் என்றா? இல்லை. பிள்ளைகளுக்குப் பால் வாங்கப் பணம் வேண்டும். வாடகை கொடுக்க வேண்டும். பெற்றோருக்கு மருந்து வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க வீடு திரும்பும் சகோதரனிடம் உணவைத் துறக்கச் சொல்வது அன்பாகாது. அருளானந்தரும் தம்மேல் சுமத்திக்கொண்ட தவத்தைத் தம் மக்கள்மேல் சுமத்தவில்லை.

ஆனால் அவருடைய லிஸ்பன் சோதனை இன்று நம்முடைய சோதனையும் ஆகிவிட்டது. வறுமை வாட்டும்போது கடவுளைத் தேடுவது எளிது. நிலையான சம்பளம், சொந்த வீடு, கேண்டீன் சாப்பாடு, பண்டிகைக்குப் போனஸ் என்று வாழ்வு உயரும்போது, இனி என்ன வேண்டும் என்ற எண்ணம் மெல்ல நுழைகிறது. முதலில் வீட்டுச் செபமாலை நிற்கிறது. பிறகு, தேவையே இல்லாதபோதும் ஞாயிறு ஓவர்டைம் திருப்பலியை வென்றுவிடுகிறது. பாலைவனத்தில் நாற்பது நாள் பசித்திருந்த ஆண்டவர், கல்லை அப்பமாக்கச் சொன்ன சோதனைக்காரனுக்கு அளித்த மறுமொழி, பசித்தவனைவிட வயிறு நிறைந்தவனுக்கே அதிகம் பொருந்துகிறது.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் சிறியதொரு முடிவு செய்வோம். ஷிப்ட் எதுவாயினும், வாரத்தில் ஒரு திருப்பலி. நாளில் ஒருமுறையேனும் குடும்பமாய்ச் செபம். உணவுக்கு முன் ஒரு நன்றி. நம்மைப்போலவே பிழைப்புத் தேடி வந்து, மொழி புரியாமல் கடைசி வரிசையில் நிற்கும் புதியவரை அருகில் அழைத்து அமர்த்துவதும் அந்த ஞான உணவைப் பகிர்வதே ஆகும். அரண்மனை விருந்தை விட்டு நம் மண்ணின் சோற்றை உண்ட அந்தப் புனிதர், நம் வயிற்றுப் பசியையும் ஆன்மப் பசியையும் அறிவார்.

புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.