வில்லியம் வில்சன் ஹண்டர்

சர் வில்லியம் வில்சன் ஹண்டர் (ஜூலை 15, 1840 – பெப்ரவரி 6, 1900) ஸ்காட்லாந்தில் பிறந்த வரலாற்றாளரும் புள்ளியியலாளரும் ஆவார். பிரித்தானிய இந்தியாவின் ஆட்சிப்பணியில் அலுவலராக இருந்தவர். இம்பீரியல் கெசட்டியர் ஆஃப் இந்தியா என்னும் பெருந்தொகுப்பின் முதல் ஆசிரியர் இவரே. இந்திய ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதுவது என்பது பற்றி 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த நெடிய சர்ச்சையில் இவர் முன்வைத்த முறை ஏற்கப்பட்டது. அது இன்றும் ஹண்டர் முறை என்றே அழைக்கப்படுகிறது.

1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலையை விசாரித்த குழுவின் தலைவரான ஹண்டர் பிரபு வேறொருவர்.

இளமையும் பணியும்

ஹண்டர் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலும், பின்னர் பாரிசிலும் பானிலும் பயின்றார், சமசுகிருதமும் கற்றார். 1862இல் இந்திய ஆட்சிப்பணியின் இறுதித் தேர்வில் முதலிடம் பெற்று, அதே ஆண்டு நவம்பரில் வங்காளம் வந்து சேர்ந்தார். பீர்பூம் மாவட்டத்தில் பணியாற்றியபோது உள்ளூர் ஆவணங்களையும் வழக்காறுகளையும் திரட்டினார். அவற்றைக் கொண்டு எழுதிய வங்காள நாட்டுப்புற வரலாறு 1868இல் வெளியானது.

1869இல் அரசப் பிரதிநிதி மேயோ பிரபு, நாடு முழுவதையும் தழுவிய புள்ளிவிவர ஆய்வுக்கு ஒரு திட்டம் வகுக்குமாறு இவரைப் பணித்தார். 1871இல் புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநர் ஆனார். மாவட்டந்தோறும் மக்கள்தொகை, விளைச்சல், வரி ஆகியவற்றைத் தொகுக்க முற்பட்டபோது எதிர்பாராத ஓர் இடர் எழுந்தது. ஒரே ஊர் வெவ்வேறு ஆவணங்களில் வெவ்வேறு எழுத்துகளில் காணப்பட்டது. ஊரின் பெயர் உறுதியாகாத வரை அவ்வூரைப் பற்றிய எண்களை ஒப்பிட இயலாது.

காவிரிப் படுகை ஊர்ப்பெயர்கள்

இச்சிக்கலுக்குக் காவிரிப் படுகை நல்ல எடுத்துக்காட்டு ஆகும். தஞ்சாவூர் ஆங்கிலத்தில் டாஞ்சோர் என வழங்கியது. பெயரின் இறுதியில் உள்ள ஊர் என்னும் சொல் அதில் அடையாளம் இழந்தது. நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர் வழியாக நெகபட்டம் ஆயிற்று. திருச்சிராப்பள்ளி டிரிச்சினாபோலி ஆனது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்றுத் தரங்கம்பாடியில் குடியேறிய டேனியர் அவ்வூரை டிரான்கேபார் என்றனர். 1845இல் ஆங்கிலேயர் அதனை விலைக்கு வாங்கிய பின்னரும் ஆங்கில ஏடுகளில் அப்பெயரே நீடித்தது.

இவ்வடிவங்கள் வெறும் பிழைகள் அல்ல. உடன்படிக்கைகள், நிலப்படங்கள், வரிக் கணக்குகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றில் அவை இடம்பெற்றுவிட்டன. எனவே அவற்றை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை.

இரு முறைகளின் மோதல்

ஹண்டருக்கு முன்பே இரண்டு முறைகள் இருந்தன. 1788இல் சர் வில்லியம் ஜோன்ஸ் வகுத்த முறை, உள்ளூர் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உரோமன் எழுத்தை நிலையாக ஒதுக்கியது. கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியின் ஜான் கில்கிறிஸ்ட் (1759–1841) வகுத்த முறை, ஆங்கிலேயரின் வாசிப்புப் பழக்கத்தைப் பின்பற்றியது. அதன்படி ஊகாரத்துக்கு இரட்டை ஓ, ஈகாரத்துக்கு இரட்டை ஈ, அகரத்துக்கு யூ எழுதப்பட்டன.

இவற்றுக்கு அப்பால், காதில் விழுந்தவாறு எழுதும் பழக்கமும் பரவியிருந்தது. வங்காள நவாப் சிராஜ் உத் தவுலாவின் பெயரை ஆங்கிலப் படைவீரர் சர் ரோஜர் டவுலர் எனத் திரித்தனர். அதனால் இப்பழக்கத்துக்கே சர் ரோஜர் டவுலர் முறை என்னும் கேலிப்பெயர் ஏற்பட்டது.

ஹண்டர் ஜோன்ஸ் முறையைப் பின்பற்றி அதனை எளிமையாக்கினார். நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் ஒரு குறி போதும் என்றார். 1871இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் அஞ்சல் நிலையம் உள்ள ஊர்களின் பெயர்ப்பட்டியலையும் சேர்த்தார். பழகிய எழுத்தே போதும் என்று கருதியோர் இதனை எதிர்த்தனர். 1872 மே 28 அன்று நடந்த இந்தியா கவுன்சில் கூட்டத்தில் கடும் விவாதத்துக்குப் பின் ஹண்டர் முறை வென்றது.

கெசட்டியர்

மாவட்ட விவரங்கள் 128 தொகுதிகளாக விரிந்தன. அவற்றைச் சுருக்கி 1881இல் 9 தொகுதிகளாக இம்பீரியல் கெசட்டியர் வெளிவந்தது. 1885–1887இல் 14 தொகுதிகள் கொண்ட இரண்டாம் பதிப்பு வந்தது.

ஆயினும் வெற்றி முழுமையானதன்று. நெடுங்காலம் வழங்கிய பெயர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஹண்டர் மறைந்த பின் 1908 அளவில் வெளியான புதிய பதிப்பிலும் தஞ்சாவூர் டாஞ்சோர் என்ற தலைப்பிலேயே உள்ளது. தமிழ்ப்பெயர் அடைப்புக்குறிக்குள் தரப்பட்டுள்ளது. தரங்கம்பாடியும் அவ்வாறே. சிற்றூர்களுக்கு விதி பொருந்தியது. பெரிய ஊர்களுக்குப் பழக்கமே விதியாயிற்று.

பிற்காலம்

1882இல் இந்தியக் கல்விக் குழுவுக்கு ஹண்டர் தலைமை வகித்தார். 1886இல் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1887இல் ஓய்வு பெற்று ஆக்ஸ்போர்டுக்கு அருகே வாழ்ந்தார். அங்கு இந்தியாவின் ஆட்சியாளர்கள் என்னும் நூல் வரிசையைப் பதிப்பித்தார். பிரித்தானிய இந்திய வரலாற்றின் முதல் தொகுதி 1899இல் வெளியானது. அடுத்த ஆண்டு, பணி முடிவடையும் முன்பே காலமானார்.

தமிழும் ஹண்டர் முறையும்

ஹண்டர் முறை இந்திய நில அளவைத் துறையின் முறையாக நிலைபெற்றது. எனினும் தமிழுக்கு அது முழுதும் பொருந்தவில்லை. அம்முறையில் டி எழுத்தைத் தொடரும் எச், வடமொழிகளில் உள்ள மூச்சொலியைக் குறிக்கும். தமிழில் அவ்வொலி இல்லை. எனவே தமிழர் டகரத்துக்கு டி எழுத்தையும் தகரத்துக்கு டி, எச் ஆகிய இரண்டையும் பயன்படுத்தினர். தஞ்சாவூரின் இன்றைய ஆங்கில வடிவம் இவ்வழக்கில் எழுந்ததே. அது பழைய டாஞ்சோரும் அன்று, ஹண்டரின் விதிப்படி அமைந்ததும் அன்று.

காவிரியின் நிலை வேறு. 2018இல் அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் ஆங்கிலப் பெயரிலும் சி எழுத்தில் தொடங்கும் பழைய வடிவமே உள்ளது.

2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூர் போன்ற பெயர்களில் ஊகாரம் இரட்டை ஓ ஆயிற்று. அதாவது, 1872இல் தோற்ற கில்கிறிஸ்டின் வழக்கம் திரும்பியது. எழுத்துகள் மிகுந்து வாசிப்பு கடினமாகிறது என எதிர்ப்பு எழுந்ததால் அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயரை அவ்வூரார் எழுதும் எழுத்தைக் கொண்டு எழுதுவதா, ஆங்கிலம் வாசிப்போரின் பழக்கத்தைக் கொண்டு எழுதுவதா என்னும் கேள்வி ஹண்டருக்குப் பின்னும் தீரவில்லை.