பிரெட் காய்ந்துபோகும் என்று சொன்னவர்களை ஜெயித்த நகைக்கடைக்காரர்: ஓட்டோ ரோவெடர் கதை

பாக்கெட்டைப் பிரித்தால் வரிசையாக நறுக்கிய துண்டுகள். எடுத்து டோஸ்ட் போட வேண்டியதுதான் பாக்கி. இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயத்தை, 100 வருடங்களுக்கு முன்னால் பேக்கரிக்காரர்கள் வேலைக்கே ஆகாது என்று ஒதுக்கித் தள்ளினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், நறுக்கிய பிரெட் சீக்கிரம் காய்ந்துபோகும் என்பது. அது தப்பான காரணமும் இல்லை!

அந்தக் காரணத்தோடு சுமார் 16 வருடம் மல்லுக்கட்டியவர்தான் ஓட்டோ ஃபிரெடரிக் ரோவெடர்.

யார் இவர்?

1880 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். கண் ஒளியியல் படித்தார், நகைத் தொழிலும் கற்றார். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் மூன்று நகைக்கடைகள் நடத்தினார். கைக்கடிகாரம், நகை என்று நுணுக்கமான வேலை பார்த்துப் பழகிய கை என்பதால், புதுசாக ஏதாவது இயந்திரம் செய்துபார்க்கும் ஆர்வம் இருந்தது.

1912 வாக்கில் அவருக்கு வந்த யோசனைதான் பிரெட் நறுக்கும் இயந்திரம். அப்போதெல்லாம் பிரெட்டை முழுசாக வாங்கி, வீட்டில் கத்தியால் அறுப்பார்கள். ஒரு துண்டு தடியாக, ஒரு துண்டு மெல்லிசாக வரும். எந்த அளவில் நறுக்கினால் வசதி என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து இல்லத்தரசிகளிடமே கேட்டார். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று முடிவானது.

ஒருகட்டத்தில் நகைக்கடைகளை விற்று, அந்தப் பணத்தை இயந்திரத்தில் போட்டார். ஆனால், இயந்திரத்தைத் தயாரித்துக் கொண்டிருந்த தொழிற்சாலையில் தீப்பிடித்தது. மாதிரி இயந்திரம், வரைபடம் எல்லாமே சாம்பல். மறுபடியும் பணம் திரட்டித் தொடங்கவே அவருக்குப் பல வருடங்கள் ஆகின.

பேக்கரிக்காரர்கள் ஏன் பயந்தார்கள்?

அடுப்பிலிருந்து வரும் பிரெட்டின் உள்பகுதியில் சுமார் 40 சதவீதம் தண்ணீர்தான். வெளியே இருக்கும் தடித்த தோல், அந்த ஈரத்துக்கு மூடி மாதிரி. நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பக்கம் திறந்துவிடும், ஈரம் மளமளவென வெளியேறும். கூடவே, காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் வந்து உட்காரவும் அத்தனை இடம் கிடைக்கும்.

ரோவெடர் முதலில் துண்டுகளை ஊசிகளால் கோத்து ஒட்டினாற்போல் நிறுத்திப் பார்த்தார். ஊசிகள் நழுவி விழுந்தன. பிறகுதான் சரியான வழி பிடிபட்டது: நறுக்கிய கையோடு மெழுகுத் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுவது. நறுக்குவது, சுற்றுவது இரண்டையும் செய்யும் இயந்திரம் 1927-ல் தயாரானது.

ஆனாலும் வாங்க ஆளில்லை. கடைசியில் மிசௌரியின் சில்லிகாத்தி ஊரில் பேக்கரி நடத்திய நண்பர் ஃபிராங்க் பெஞ்ச் துணிந்தார். 1928 ஜூலை 7 அன்று நறுக்கிய பிரெட் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கு ரோவெடருக்கு 48-வது பிறந்தநாள்! விற்பனை எகிறியது. 1930-ல் வொண்டர் பிரெட் நிறுவனம் நாடு முழுக்க நறுக்கிய பிரெட்டைக் கொண்டுசென்றது.

ரோவெடருக்கு அதில் பெரிய லாபம் இல்லை. பொருளாதாரப் பெருமந்தம் வந்து அழுத்தியதால், 1933-ல் உரிமையை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அங்கேயே விற்பனைப் பொறுப்பில் சேர்ந்தார்.

அரசே போட்ட தடை

இரண்டாம் உலகப் போர் நேரத்தில், 1943 ஜனவரி 18 முதல் நறுக்கிய பிரெட்டுக்கு அமெரிக்க அரசு தடை போட்டது. காய்ந்துபோகாமல் இருக்க இதற்குத் தடித்த மெழுகுத் தாள் தேவை, அதை மிச்சம் பிடிக்கலாம் என்பது கணக்கு. பேக்கரிக்காரர்கள் சொன்ன அதே காரணம் மறுபடியும் வந்து நின்றது. ஆனால் காலையில் அவசர அவசரமாகக் கத்தி பிடித்த குடும்பத்தலைவிகள் கொதித்துப்போனார்கள். மார்ச் 8 அன்று தடை வாபஸ்.

தாளால் தடுக்க முடியாத ஒன்று

மெழுகுத் தாள் ஈரத்தைப் பிடித்துவைத்தது, சரி. ஆனால் பிரெட் பழசாவது ஈரம் போவதால் மட்டும் இல்லை. 1852-லேயே பிரான்ஸ் வேதியியலாளர் பூசிங்கோ, காற்றுப்புகாமல் அடைத்த பிரெட்டும் விறைக்கிறது, சூடாக்கினால் மறுபடி மெதுவாகிறது என்று காட்டியிருந்தார். வேகும்போது குழைந்த மாவுச்சத்து, ஆறியதும் மெல்ல மெல்ல மறுபடி படிகமாக இறுகுகிறது. அதுதான் காரணம்.

ஃபிரிட்ஜின் குளிரில் இந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். அதனால்தான் ஃபிரிட்ஜில் வைத்த பிரெட் சட்டென்று வறட்டுத்தனமாகிறது. ஆனால் பூஞ்சை அங்கே மெதுவாகத்தான் வளரும். ஃபிரீசரில் வைத்தால் இரண்டுமே கிட்டத்தட்ட நின்றுவிடும். வெளியே வைத்தால், பாக்கெட்டுக்குள் ஈரம் தங்குவதால் பூசணம் பிடிக்கும். அதைத் தள்ளிப்போடத்தான் பிற்காலத்தில் கால்சியம் புரோப்பியனேட் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

ஆக, இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியே வைக்கலாம். மிச்சத்தை ஃபிரீசரில் போட்டு, வேண்டியபோது டோஸ்ட் போட்டுக்கொள்ளலாம். விறைத்த பிரெட்டைச் சூடாக்கினால் கொஞ்ச நேரம் மெதுவாகும். பூசணம் பூத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளிப்போட்டுச் சாப்பிடக் கூடாது. மென்மையான பண்டம் என்பதால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும்.

ரோவெடர் 1960 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் காலமானார். பிரெட் காய்வதை அவர் முழுசாக நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை தள்ளிப்போட்டார். பேக்கரிக்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.