ஆற்றைக் கடந்த குடும்பம்

மரக்குடிசையில் பிறந்து வெள்ளை மாளிகைக்குச் சென்றவர் ஆபிரகாம் லிங்கன் என்று பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்திருக்கிறோம். அந்தக் குடிசைக்கும் மாளிகைக்கும் இடையே ஓர் ஆறு ஓடியது என்பதை, நூலகத்தில் அவர் வரலாற்றை எடுத்துப் படித்தபோதுதான் நான் அறிந்தேன். அந்த ஆற்றின் பெயர் ஒகையோ.

லிங்கன் 1809 பிப்ரவரி 12ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் உழவர். தச்சு வேலையும் அறிந்தவர். தாய் நான்சி. அக்காள் சாரா இரண்டு வயது மூத்தவள். தம்பி ஒருவன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டான்.

கெண்டக்கியில் அக்காலத்தில் நில அளவை ஒழுங்காக நடைபெறவில்லை. ஒரே நிலத்திற்குப் பலர் உரிமை கொண்டாடினர். வியர்வை சிந்தி வாங்கிய நிலம் வழக்கில் கைநழுவிப் போகும். தாமஸ் தம் மூன்று பண்ணைகளிலும் இத்தொல்லைக்கு ஆளானார். மேலும், அது அடிமைமுறை நிலவிய மாநிலம். ஒகையோ ஆற்றுக்கு வடக்கிலோ 1787ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையைத் தடுத்திருந்தது. அரசே நிலத்தைச் சதுரமாக அளந்து விற்றது. தம் குடும்பம் பெயர்ந்ததற்கு அடிமைமுறை ஒரு காரணம் என்றாலும், நிலத் தகராறே முதன்மைக் காரணம் என்று லிங்கனே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

1816 டிசம்பரில் இந்தியானா புதிய மாநிலமாயிற்று. ஏறக்குறைய அதே வேளையில் இக்குடும்பம் ஆற்றைக் கடந்து அங்கே சென்றது. ஆபிரகாமுக்கு வயது 7, சாராவுக்கு 9. தம்பியின் சிறு கல்லறை கெண்டக்கியிலேயே நின்றுவிட்டது. சென்ற இடமோ அடர்ந்த காடு! மரத்தை வெட்டினால்தான் வழி. மரத்தை வெட்டினால்தான் வயல். ஏழு வயதுச் சிறுவன் கையில் கோடரி ஏறியது.

இரண்டாண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. 1818 இலையுதிர் காலத்தில் அப்பகுதியில் பால்நோய் பரவியது. காட்டில் வளரும் வெண்பூச்செடி ஒன்றைத் தின்ற மாட்டின் பால் நஞ்சாகும் என்பதை அன்று யாரும் அறியார். நான்சியை வளர்த்த உறவினர் இருவர் முதலில் மடிந்தனர். அக்டோபர் 5ஆம் நாள் நான்சியும் கண்மூடினார். அவருக்கு வயது 34. தாமஸ் தம் கையாலேயே சவப்பெட்டி செய்தார். அதற்கு மரஆணிகளைச் சீவிக் கொடுத்தவன் ஒன்பது வயது மகன் என்பர்.

மறு ஆண்டு தாமஸ் கெண்டக்கிக்குத் திரும்பிச் சென்று, மூன்று குழந்தைகளுடன் வாழ்ந்த சாரா புஷ் ஜான்ஸ்டன் என்னும் கைம்பெண்ணை மணந்து அழைத்து வந்தார். மாற்றாந்தாய் என்றால் கொடுமை என்று எண்ணுகிறோம். இவரோ தாயற்ற பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே ஏற்றார். ஆபிரகாமின் படிப்பார்வத்துக்கு அரணாக நின்றார். மொத்தத்தில் ஓராண்டுகூடப் பள்ளி செல்லாதவர் லிங்கன்!

தாமஸ் இந்தியானாவில் 160 ஏக்கருக்குப் பதிந்தார். முழுப் பணமும் கட்ட இயலாமல், இறுதியில் 80 ஏக்கரையே உரிமையாக்கிக் கொண்டார். 1862 மே 20ஆம் நாள், குடியரசுத் தலைவர் லிங்கன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். ஐந்தாண்டுகள் குடியிருந்து உழுபவருக்கு, சிறு கட்டணம் தவிர விலையின்றி 160 ஏக்கர் கிடைக்கும் என்றது அச்சட்டம். அந்நிலங்கள் பழங்குடி மக்கள் இழந்தவை என்பதையும் இங்கு மறைப்பதற்கில்லை. 1863 ஜனவரி முதல் நாள் அடிமை விடுதலைப் பிரகடனத்திலும் அவர் கையொப்பமிட்டார். ஆயினும் அது கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. அவர் பிறந்த கெண்டக்கியில், அவர் மறைந்த பின்னர் 1865 டிசம்பரில்தான் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது.

தந்தையை ஊர் பெயர வைத்த காரணங்கள் இரண்டு. அவ்விரண்டையும் தொட்டன மகனின் இரண்டு கையொப்பங்கள். இவற்றில் ஒன்றையும் காணாமல் இந்தியானாவின் சிறு குன்றில் உறங்குகிறார் நான்சி. வெள்ளை மாளிகையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்தக் குன்றே நினைவுக்கு வருகிறது.