கிளைகளுக்கு இடம் விட்ட பேரறிஞர்

முத்துக்குளித்துறைக் கரையில் பிறந்தவர்களுக்குத் தரம் பிரித்து அடுக்குவது புதிதன்று. அக்காலத்து முத்து வணிகர்கள் வெவ்வேறு அளவில் துளையிட்ட தட்டுகளில் முத்துகளை இட்டுச் சலித்துப் பிரித்தார்கள். எங்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கத்தில் உப்பும் மீனும் இன்றும் தரம் பிரிக்கப்பட்டே விலைக்குப் போகின்றன. ஆனால் கண்ணெதிரே கிடப்பதைப் பிரிப்பது ஒன்று. இனி வரப்போவதற்கும் இடம் விட்டுப் பிரிப்பது வேறொன்று. அந்த இரண்டாவது கலையைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரே இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன் அவர்கள்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோவையிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் கூட்டத்தில் மகிழ்ந்து பழகியவருக்கு அந்தத் தனிமை பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார். முதலில் இங்கிலாந்து சென்று படித்துவரட்டும், அதன் பிறகும் மனம் ஒட்டாவிட்டால் திரும்பலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினார்கள். போனவர் நூலகராகவே திரும்பினார்!

இலண்டனில் அவர் கண்டது என்ன? அப்போது உலகெங்கும் புகழ் பெற்றிருந்தது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அறிவு முழுவதையும் பத்தாகவும், ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகவும் பிரிப்பது அது. எளிமையானதுதான். எனினும் சமயத்துக்கென ஒதுக்கிய 200 முதல் 299 வரையிலான எண்களில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே போய்விட்டது. உலகின் ஏனைய சமயங்கள் அனைத்தும் 290 என்ற ஒரே பிரிவுக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டியதாயிற்று. தம் ஊர் நூல்களை மனத்தில் எண்ணி அடுக்கிய ஒருவர், பிற நாட்டு நூலகர் ஒருநாள் அந்த அடுக்கை விரிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

இக்குறையை எண்ணியிருந்த வேளையில், இலண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். துளையிட்ட இரும்புப் பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அவற்றைக் கொண்டு ஒரு சிறுவன் பாலமும் கட்டலாம், பாரந்தூக்கியும் கட்டலாம். எல்லாப் பொம்மைகளையும் முன்கூட்டியே செய்து வைக்கத் தேவையில்லை. துண்டுகளும் அவை இணையும் விதிகளும் செம்மையாக இருந்தால் போதும். இந்த எண்ணமே 1933இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையாக மலர்ந்தது. மருத்துவத்துக்கு ஓர் எழுத்து, நுரையீரலுக்கு ஓர் எண், காசநோய்க்கு ஓர் எண். இவற்றைக் குறியிட்டுக் கோத்தால் நூலின் இடம் கிடைத்துவிடும். நாளை புதிய நோய் ஒன்று தோன்றினாலும் பழைய எண்கள் கலையா.

மற்றோர் உத்தியும் வகுத்தார். 1 முதல் 8 வரையிலான இலக்கங்களுக்கே பொருள் தந்தார். 9க்குத் தனிப்பொருள் தராமல், அதை வாயிலாக மட்டுமே வைத்தார். எட்டும் நிரம்பினால் 91, 92 என்று வரிசை தொடரும். அதுவும் நிரம்பினால் 991 என்று தொடரும். இடம் ஒருபோதும் தீராது.

கணிப்பொறி பயிலும் நண்பர்களே! இக்கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 1967இல் நார்வே நாட்டின் டால், நைகார்டு ஆகிய இருவர் சிமுலா மொழியில், ஒரு தாய் வகுப்பிலிருந்து கிளை வகுப்புகளைப் பிறப்பிக்கும் முறையைத் தந்தார்கள். அன்று முதல், பிறர் பயன்பாட்டுக்கு நிரல் நூலகம் எழுதும் ஒவ்வொருவரும் ரங்கநாதன் சந்தித்த அதே கேள்வியைச் சந்திக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் என் வகுப்பை நாளை விரித்தால் அது ஒழுங்காக நடக்குமா?

உப்பு மூட்டைகளுக்குக் கணக்கு வைக்கும் ஒரு தாய் வகுப்பைக் கொள்வோம். ஒரு மூட்டை ஏற்றுவதற்கு ஒரு செயல்முறை. பல மூட்டை ஏற்றுவதற்கு மற்றொன்று. இரண்டாவது, உள்ளுக்குள் முதலாவதையே திரும்பத் திரும்ப அழைக்கிறது. இதை அறியாத மாணவர் கிளை வகுப்பு எழுதி, இரண்டு இடத்திலும் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். பத்து மூட்டை ஏற்றினால் கணக்கு இருபது என்கிறது! பிழை யாருடையது? உள்ளே எது எதை அழைக்கிறது என்று சொல்லாமலே கதவைத் திறந்து வைத்த தாய் வகுப்பின் ஆசிரியருடையது. மாற்றத்தக்கவற்றைத் திறந்து வைத்து விதியையும் எழுத வேண்டும். மற்றவற்றைப் பூட்டிவிட வேண்டும். கிளையும் தாய் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். தாய் நிற்கும் இடத்தில் கிளையை நிறுத்தினாலும் நிரல் பிறழக்கூடாது என்னும் இந்நெறியை 1987இல் பார்பரா லிஸ்கோவ் என்ற அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார்.

ரங்கநாதன் அவர்களும் இதில் இடறியதுண்டு. 1952இல் வந்த நான்காம் பதிப்பில் இணைப்புக் குறிகளையே மாற்றினார். முறை என்னவோ மேம்பட்டது. ஆனால் பழைய பதிப்பை நம்பி ஆயிரக்கணக்கான நூல்களின் முதுகில் எண் எழுதி ஒட்டிய நூலகர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அடித்தளத்தை ஒருவர் திருத்தினால், மேலே கட்டிய எல்லோருடைய சுவரும் ஆடும். ஆதலால் முதல் நாளிலேயே ஆழ்ந்து சிந்திக்க வேண்டும் என்பதை அவருடைய வெற்றியைப் போலவே அவருடைய இடறலும் கற்பிக்கிறது.

சென்னையில் இருபது ஆண்டுகள் உழைத்தபின் காசியிலும் தில்லியிலும் பணியாற்றினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறக்க அவர் உழைப்பு பெருங்காரணம். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயை, நூலகவியல் இருக்கைக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். 1957இல் பத்மசிறீ விருது பெற்ற அவர், 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

நம் கல்லூரி நூலகத்தில் ஒரு நூலின் முதுகிலுள்ள எண்ணைக் காணும்போதெல்லாம், இன்னும் எழுதப்படாத நூலுக்கும் இடம் விட்ட அப்பெருமகனை நினைவோம். நாம் எழுதும் நிரலிலும், நமக்குப் பின் வருவோருக்கு இடமும் விதியும் விட்டு வைப்போமாக!